சுகர், பிரஷர், செக்கப்: டெல்டா பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரில் பொது மருத்துவராக உட்கார்ந்து பல வருடம் ஆகிவிட்டது. கேள்விகள் மாறவே இல்லை. அப்பா கேட்டதை இப்போது மகன் கேட்கிறார். சந்தை நாளில் டோக்கன் வரிசை வாசல் வரை நிற்கும்போது நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். பிறகு எதற்கு செக்கப்?

இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் வீட்டம்மா இழுத்து வந்ததால் வந்தவராக இருப்பார். பிரஷரும் சுகரும் வலிக்காது, சிக்கலே அதில்தான் இருக்கிறது. தலை சுற்றினால் பிரஷர், அடிக்கடி ஒன்றுக்குப் போனால் சுகர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், ஆனால் அந்த அறிகுறி ஒன்றுகூட இல்லாமலே கண்ணும் கிட்னியும் ரத்தக்குழாயும் வருடக்கணக்கில் கெட்டுக்கொண்டிருக்கும். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், சுமார் 31 கோடிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு. வெண்ணாற்றுக் கரையில் கசிவு தெரிந்தால் அன்று ராத்திரியே மண் மூட்டையோடு ஓடுகிற ஊர் இது. உடம்பு விஷயத்தில் மட்டும் கரை உடைந்து தண்ணீர் நடுவீட்டுக்கு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

சரி, எந்த வயதில் என்னென்ன பார்க்க வேண்டும்?

18 வயதுக்கு மேல் யார் எதற்காக வந்தாலும், சளிக்கு வந்தாலும்கூட, பிரஷர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 30 ஆனதும் சுகர், பிரஷர் இரண்டும். அரசின் திட்டமும் 30 வயதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதே 30-லிருந்து ஆண் பெண் இருவருக்கும் வாய்ப் பரிசோதனை, பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும். இவையெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் நடக்கிறது. அப்பா அம்மாவுக்குச் சுகர் இருந்தால், கர்ப்ப காலத்தில் சுகர் வந்து போயிருந்தால், தொப்பை இருந்தால் 30 வரை காத்திருக்க வேண்டாம். தொப்பை என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். டெய்லர் டேப்பை இடுப்பில் சுற்றிப் பாருங்கள், ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் வேண்டும். நம் ஊர் உடம்புக்கு எடை வரம்பும் வெள்ளைக்காரர்களைவிடக் குறைவு, உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் பிஎம்ஐ 23-லேயே அதிகம் என்றுதான் கணக்கு. 40-க்கு மேல் கொலஸ்ட்ரால், கண். பிரஷரோ சுகரோ ஏற்கெனவே இருந்தால் வருடம் ஒருமுறை கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியேட்டினின், யூரினில் புரதம், சுகர்காரர்களுக்கு விழித்திரை. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவு போதும்.

ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு எண்பது டெஸ்ட் எடுக்கிறார்களே, அந்த மாஸ்டர் செக்கப் எடுக்கலாமா?

எடுக்கலாம், காசு உங்களுடையது. ஆனால் எடுத்தால் எந்த நோயும் வராது என்று நினைக்காதீர்கள். ஒருவர் பன்னிரண்டு பக்க ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். விட்டமின், யூரிக் ஆசிட், கேன்சர் மார்க்கர் என்று எல்லாம் அச்சாகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் பிரஷர் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை, யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது 170/100. அறிகுறி எதுவும் இல்லாதவருக்குக் கேன்சர் மார்க்கர் எடுப்பதில் பயம்தான் மிச்சம். கேன்சர் இல்லாமலும் அது ஏறும், இருந்தும் ஏறாமல் போகும். எந்த டெஸ்ட் எழுதினாலும் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: இதன் முடிவு மாறி வந்தால் நான் செய்வதில் எது மாறும்? பதில் இல்லாத டெஸ்ட்டை விட்டுவிடலாம். என்னிடமும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு தடவை பிரஷர் 150 காட்டியது. உடனே மாத்திரையா?

முதலில் எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடி, வாசல் கடையில் ஒரு காபி குடித்து, மாடி ஏறி வந்து உட்கார்ந்த அடுத்த நிமிடம் பார்த்தால் எனக்கே 150 காட்டும். டிகிரி காபிக்குப் பேர்போன ஊர்ப்பக்கம் இது, ஆனால் பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் வைத்து இரண்டு தடவை பார்க்க வேண்டும். சட்டைக் கை மேல் பட்டையைச் சுற்றுவது தவறு.

இப்படிப் பார்த்து வெவ்வேறு நாட்களில் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக்கொதிப்பு. வீட்டு மெஷினில் 135/85. கையில் சுற்றும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். 180/120 தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் என் டோக்கனுக்குக் காத்திருக்காமல் 108-க்கு அடியுங்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசு முழுக்கப் போட வேண்டுமாமே? அதனால்தான் பயமாக இருக்கிறது.

பெரும்பாலானோர் தொடர்ந்துதான் போட வேண்டியிருக்கும், மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. எடை குறைந்து, உப்பு குறைந்து, குடியும் நின்றால் சிலருக்கு அளவைக் குறைக்கலாம், நிறுத்தவும் முடிந்திருக்கிறது. ஆனால் மாத்திரை போட்டு நார்மல் ஆனதைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் வாய் கோணி வருகிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். மூக்குக் கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது என்று கண்ணாடியைக் கழற்றி வைப்போமா?

அப்புறம் தொந்தரவுகள். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும், எனலாப்ரில் வறட்டு இருமல் தரும். இரண்டுக்கும் மாற்று உண்டு, வந்து சொன்னால் போதும். சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் தப்பு. 'சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்' என்பது டீக்கடையில் ஓயாத பேச்சு. கிட்னியைக் கெடுப்பது சுகர். கிட்னி ஏற்கெனவே பழுதாகிவிட்டால் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையின் அளவைக் குறைப்போம், ரொம்ப மோசமானால் நிறுத்துவோம், அதைப் பார்த்த ஆள் வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டார்.

மாதாமாதம் போய் நிற்க முடியவில்லை என்பவர்களுக்கு ஒன்று: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடமாட முடியாத அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள், உங்கள் ஊர் துணை சுகாதார நிலைய நர்ஸம்மாவிடம் ஒரு போன் பேசிப் பதிந்துவிடுங்கள்.

உப்பு எவ்வளவு? இந்துப்பு மாற்றினால் சரியாகிவிடுமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். குழம்பிலும் பொரியலிலுமே அது முடிந்துவிடும், அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் கூடுதல் வரவு. வேதாரண்யம் உப்பளம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நாமே அதைத் தின்று தீர்க்க வேண்டியதில்லை. இந்துப்பும் சோடியம்தான், நிறம் மட்டும் வேறு. கடையில் 'லோ சோடியம்' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. கிட்னி பழுது உள்ளவர்களும் எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவை போடுபவர்களும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு சோறு சாப்பிடாதே என்றால் எப்படி டாக்டர்?

யார் சாப்பிட வேண்டாம் என்றது? நானும் மதியம் சோறுதான். கேள்வி எவ்வளவு, கூட என்ன என்பதில் இருக்கிறது. நம் ஊர் இலையைப் பாருங்கள்: மலை மாதிரி சோறு, அதில் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை, ஓரத்தில் விரல் அளவு பொரியல். இதைத் தலைகீழாக்க வேண்டும். தட்டில் பாதி காய் கீரை, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதி கால் பங்குதான் சோறு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை, குழம்பாக வையுங்கள், எண்ணெயில் முக்கிப் பொரிக்க வேண்டாம்.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி பற்றித் தினமும் கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தேடித் தேடி நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்துவிட்டு 2018-ல் போய்ச் சேர்ந்தார், அவர் புண்ணியத்தில் இன்றைக்கு நம் கடைகளில் கிடைக்கிறது. தவிடு நீக்காமல் சாப்பிட்டால் நார்ச்சத்து உண்டு, பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைவிட நல்லதுதான். ஆனால் அதுவும் அரிசி. 'இது மருந்து அரிசி' என்று மூன்று கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் சுகர் ஏறத்தான் செய்யும். காலை இட்லி, பதினொன்றுக்கு இனிப்புக் காபி, மதியம் சோறு, நாலு மணிக்கு வடை காபி, ராத்திரி தோசை என்று ஓடுகிற வீட்டில் அரிசி ரகத்தை மாற்றுவதைவிட இரண்டு காபியில் சர்க்கரையை நிறுத்துவது சுலபம். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் சுகருக்கு ஒரே சாதிதான்.

நான் வயலில் வேலை செய்கிறேன், எனக்கு எதற்கு வாக்கிங்?

நிஜமாகவே நடவு, களை, வரப்பு வெட்டு என்று குனிந்து நிமிர்பவர்களுக்கு நான் வாக்கிங் சொல்வதில்லை. ஆனால் உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின், வயலைப் பார்க்க பைக், வரப்பில் நின்று போனில் பேச்சு என்றால் அது மேற்பார்வை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடக்க வேண்டும்.

சுகர் ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவர்களுக்கு இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்துகொள்வோம். வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் வாசல்படியில் நிற்கிறீர்கள், எடையைக் குறைத்தால் பலர் திரும்பிப் போக முடியும். எச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாத சராசரி, அதனால் செக்கப்புக்கு முந்தின இரண்டு நாள் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. முயற்சி செய்து பார்த்தவர்கள் உண்டு. ஒரு விஷயம், இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும் பெண்களுக்கு அந்த எண் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருக்கலாமா?

மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் சாப்பிடாமல் அதைப் போட்டுவிட்டு கோயிலில் க்யூவில் நிற்பது விஷப் பரீட்சை. முதல் நாளே வந்து கேளுங்கள், அளவை மாற்றித் தருவேன். வியர்த்து, கை நடுங்கி, படபடத்து, பேச்சு தடுமாறினால் சுகர் 70-க்குக் கீழே போயிருக்கலாம். அந்த நேரத்தில் விரதம் பார்க்காமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சரியானதும் சாப்பிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

காலில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதற்கு என்ன இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஏனென்றால் நம் பக்கத்தில் செருப்பில்லாமல் நடக்கிற இடம் அதிகம். ஒன்று சேறு, இன்னொன்று கோயில் பிரகாரம். சித்திரை மாத நண்பகலில் கருங்கல் தளத்தைச் சுற்றி வந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு பாதத்திலும் கொப்புளம், அவருக்கு அது சுட்டதே தெரியவில்லை, மகள் பார்த்துச் சொல்லித்தான் வந்தார். உணர்ச்சி போன கால் புண்ணானால் வலிக்காது, வலிக்காததால் பார்க்க மாட்டோம், பார்க்காமல் விட்டு விரலை எடுக்கும் நிலைக்கு வந்து நிற்போம். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைக் கண்ணாடி வைத்தோ பேரப்பிள்ளையை விட்டோ பார்க்கச் சொல்லுங்கள், விரலிடுக்கு உட்பட. கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள், வெந்நீரில் காலை விடாதீர்கள். கோயிலுக்கு வெயில் ஏறும் முன் போய் வாருங்கள், சாமி காலையிலும் இருப்பார். வருடத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பார்க்கவில்லை என்றால் நீங்களே செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

வெற்றிலை பாக்கு மட்டும்தான் போடுகிறேன், புகையிலை கிடையாது. பரவாயில்லைதானே?

கும்பகோணம் கொழுந்து வெற்றிலையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிரச்சினை பாக்கில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே பாக்கைப் புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் வைத்துவிட்டது. கல்யாணத்தில் ஒருநாள் போடுவதைச் சொல்லவில்லை. சீவல் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பொழுது விடிந்தது முதல் கன்னத்தில் அடக்குகிறவர்களைச் சொல்கிறேன். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டால் எரிகிறது என்றால், கன்னத்தின் உள்ளே வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தால், வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சின்ன ஆபரேஷன். புகையிலை, பீடி விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது.

பெண்களுக்கான அந்த கர்ப்பப்பை வாய் டெஸ்ட் கட்டாயமா? கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் புரிகிறது. இரண்டு பிள்ளை பெற்றவர்கூட இதற்கு மட்டும் 'அடுத்த மாசம் பார்க்கலாம் சார்' என்பார். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஒருநாளில் வருவதில்லை, எச்பிவி என்ற வைரஸ் தங்கி, செல்கள் மாறி, பல வருடம் எடுத்துக்கொண்டுதான் புற்றாகிறது. அந்த இடைவெளியில் பிடித்தால் புற்றாகும் முன்பே அகற்றிவிடலாம். இப்படி வசதியாக நேரம் கொடுக்கிற புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது எளிய சோதனை: வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை, மயக்க மருந்து இல்லை. 30 முதல் 65 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான். பெண் நர்ஸ் இருக்கும் நாளைக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி ஆறு பேரைத் திரட்டி ஒரே ஆட்டோவில் போய் வந்தார்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்தோடு நீர், மார்பில் புதிதாகக் கட்டி அல்லது காம்பு உள்ளே இழுப்பது, இவற்றுக்கு ஐந்து வருடக் கணக்கு கிடையாது, அந்த வாரமே போக வேண்டும். இன்னொன்று. வெள்ளைப்படுகிறது என்பதற்காக மட்டும் 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நெஞ்சில் ஒரு மாதிரி அடைக்கிறது, வாய்வுதானே?

இந்த 'வாய்வு' என்ற சொல்லால் எத்தனை பேரை இழந்திருக்கிறோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சோடா, ஓமத்தண்ணீர், பூண்டு, அதுவும் கேட்காமல் ஒரு கேஸ் மாத்திரை, அப்புறம் 'விடியட்டும் பார்க்கலாம்'. நடு நெஞ்சில் பாரம், இறுக்கம், இடது கை, தாடை, முதுகுப் பக்கம் பரவல், சில்லென்று வியர்வை, மூச்சு வாங்குதல் என்றால் அது இதயம் இல்லை என்று நிரூபிக்கிற வரை இதயம்தான். சுகர்காரர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் அசதியுமாக வரலாம். பைக்கில் பின்னால் உட்கார வைத்து முப்பது கிலோமீட்டர் கொண்டு போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் வரத் தாமதம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

பக்கவாதமும் இதே கதை. வாய் கோணல், ஒரு கை தொய்வு, பேச்சு குழறல் தெரிந்தால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். தஞ்சாவூரோ திருவாரூரோ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். எண்ணெய் வைத்தியமெல்லாம் அப்புறம் பேசலாம்.

மழைக்காலக் காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடாதா?

ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கையோடு நான் இத்தனை வருடமாகப் போராடித் தோற்றுக்கொண்டிருக்கிறேன். சாதாரண சளிக் காய்ச்சலுக்கு ஊசியும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஆனால் சம்பா பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்கும்போது, மூன்று வேறு காய்ச்சல்கள் நம் பக்கம் சுற்றுகின்றன.

முதலாவது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெட்டு, சிராய்ப்பு வழியே உள்ளே போகிறது. கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை, மூத்திரம் குறைவது. காலில் புண்ணோடு வயலில் இறங்காதீர்கள், இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டுப்போட்டு பூட்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள். பரவல் அதிகம் உள்ள நேரத்தில் வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தடுப்பாகக் கொடுப்பது உண்டு, டாக்டர் எழுதினால் மட்டும். அடுத்தது புதர்ப் பூச்சியால் வரும் ஸ்கரப் டைபஸ். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், அக்குளிலோ இடுப்புக்குக் கீழேயோ மறைந்திருக்கும், அதனால் டாக்டர் துணியை விலக்கிப் பார்க்கக் கேட்டால் மறுக்காதீர்கள். டாக்ஸிசைக்ளினுக்கு நன்றாகக் கேட்கும், தாமதமானால்தான் ஆபத்து. டெங்குவுக்குப் பாராசிட்டமால் போதும், வேறு வலி மாத்திரை போட்டால் ரத்தக்கசிவு கூடும். டெங்குவில் காய்ச்சல் விட்ட நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் வந்தால் அட்மிஷன். மூன்று நாளைத் தாண்டிய எந்தக் காய்ச்சலையும் மருந்துக்கடையோடு முடிக்காதீர்கள். காய்ச்சலே இல்லாவிட்டாலும் இரண்டு வார இருமல் என்றால் சளிப் பரிசோதனை, காசநோயா என்று இலவசமாகப் பார்க்கிறார்கள். சுகர்காரர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

முட்டிவலிக்கு மருந்துக்கடையில் மடித்துத் தரும் பொட்டலம் நன்றாகக் கேட்கிறதே?

கேட்கத்தான் செய்யும், பல நேரம் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. முகம் உப்பி, சுகர் ஏறி, எலும்பு கரையும். கூட இருக்கிற டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகையறா வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்பின் கிட்னியைப் பதம் பார்க்கும். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். முட்டிக்கு நான் முதலில் சொல்வது எடைக் குறைப்பும் தொடைப் பயிற்சியும்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குவது, ஒரு காலுக்குப் பத்து தடவை, காலை மாலை. இதைச் சொன்னால் 'டாக்டர் மாத்திரையே எழுதவில்லை' என்று அடுத்த தெரு கிளினிக்குக்குப் போகிறார்கள். போகட்டும்.

பெரியவர்களுக்கு என்ன தடுப்பூசி?

டிடி என்கிற டெட்டனஸ்-டிப்தீரியா ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை, மண்ணில் கை வைக்கிற எல்லோருக்கும். 65 தாண்டியவர்கள், சுகர், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வருடம் ஒருமுறை போடும் ஃப்ளூ ஊசி பற்றியும், தனியாக நிமோனியா ஊசி பற்றியும் கேளுங்கள். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசி. மஞ்சளும் மிளகாய்த்தூளும் வேண்டாம், பாதித் தவணையில் நிறுத்தவும் வேண்டாம்.

தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை. இதற்கெல்லாம் டாக்டரா?

ஆமாம். ஆம்பளைகள் இதை நேராகச் சொல்வதில்லை, 'அசதி, பசியில்லை, ஒரு டானிக் கொடுங்க' என்பார்கள். இரண்டு வாரமாக மனம் பாரமாகவே இருக்கிறதா, முன்பு பிடித்ததில் ஆசை போய்விட்டதா என்று நான் கேட்டால் சிலர் அங்கேயே கண் கலங்கிவிடுவார்கள். இதற்கு மருந்தும் பேச்சும் இரண்டும் உண்டு. நேரில் வர முடியாவிட்டால் 14416, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பூச்சி மருந்தை எடுத்துப் பூட்டி வையுங்கள்.

செக்கப்புக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய சீட்டு, கடைசி ரிப்போர்ட், இப்போது போடும் எல்லா மாத்திரையும் அட்டையோடு ஒரு மஞ்சள் பையில். 'அந்த வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்குமே' என்றால் எனக்குத் தெரியாது, உலகத்தில் பாதி மாத்திரை வெள்ளைதான். சித்தா, நாட்டு மருந்து, லேகியம் எடுத்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள், திட்ட மாட்டேன். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை என்றால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். பிரஷர் மாத்திரையை அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போல் போட வேண்டும், சுகர் மாத்திரையை மட்டும் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு. இரண்டையும் போடாமல் வந்து 'டெஸ்ட்டுன்னு சொன்னீங்களே' என்று நிற்பவர்கள் வாரத்துக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வியாழக்கிழமை மதியம் கூட்டம் குறைவு.